நாலாவது கியரில் மட்டும் சத்தம் இல்லை

பழைய காருக்கு கியர்பாக்ஸ் வேண்டும் என்று யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "எந்த கியர்ல சத்தம்?" என்பதுதான். "எல்லாத்துலயுந்தானுங்க" என்பார்கள். "டாப்புலயுமா?" என்று திருப்பிக் கேட்டால் யோசிப்பார்கள். யோசிக்கிறவர்களை உட்காரவைத்து டீ சொல்லுவேன். யோசிக்காமல் "ஆமா" என்பவர்களோடு வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போய்வருவேன்.

கோவை ரயில் நிலையத்துக்கு எதிரே அம்பாசடர் டாக்ஸிகள் வரிசை கட்டி நின்ற காலத்தில் தொழில் பழகியவன் நான். அப்போது பழைய கியர்பாக்ஸ் தேடுவது ஒரு வேலையாகவே இருந்ததில்லை. பட்டறை மூலையிலேயே இரண்டு மூன்று கிடக்கும். இன்று அப்படியில்லை. கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. பத்மினி அதற்கும் பல வருடம் முன்பே நின்றுவிட்டது. இப்போது இந்த வண்டிகளைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் தாத்தாவின் வண்டியை ஓட்ட ஆசைப்படுகிற பேரப்பிள்ளைகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, கையில் பணம், போனில் நூறு வீடியோ.

பல்லடம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி அப்படித்தான். அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல், ஸ்டியரிங் கியர். வந்து இறங்கும்போதே முடிவோடு வந்திருந்தார்.

"அண்ணா, பெட்டி போயிருச்சுங்க. இதக் கழட்டிப் போட்டுட்டு இசுஸு அஞ்சு கியர் பெட்டி ஒண்ணு வெச்சுடலாங்களா? ஊட்டிக்கு ஓட்டிட்டுப் போகணும்."

"முதல்ல ஓட்டிப் பாக்கலாம் தம்பி, வாங்க" என்றேன். மருதமலை அடிவாரம் வரை போய்த் திரும்பினோம். முதல், இரண்டு, மூன்று கியர்களில் அரவை மிஷின் போல ஓர் இரைச்சல். நாலாவதுக்கு மாற்றியதும் சத்தம் அடங்கிவிட்டது. திரும்பும் வழியில் மூன்றுக்கு இறக்கினேன், மறுபடியும் வந்தது. பெட்டியைக் கழற்றாமலே உள்ளே எது கெட்டிருக்கிறது என்று ஏறக்குறையத் தெரிந்துவிட்டது.

அது எப்படி என்று அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இன்ஜின் முன்னால், ஓட்டம் பின் சக்கரத்துக்கு என்று இருக்கிற பழைய கார்களின் கியர்பாக்ஸுக்குள் முக்கியமாக மூன்று தண்டுகள். இன்ஜினிலிருந்து க்ளட்ச் வழியாக உள்ளே வருவது இன்புட் ஷாஃப்ட். அதே கோட்டில், அதன் பின்னால், வெளியே போவது மெயின் ஷாஃப்ட். இரண்டுக்கும் கீழே படுத்திருப்பது லே ஷாஃப்ட். ஒன்று, இரண்டு, மூன்று கியர்களில் இன்ஜின் தரும் விசை இன்புட் ஷாஃப்டிலிருந்து கீழே லே ஷாஃப்டுக்கு இறங்கி, பிறகு மேலே மெயின் ஷாஃப்டுக்கு ஏறுகிறது. நாலாவதில், அதாவது டாப்பில், மட்டும் இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் நேராகப் பூட்டிக்கொள்கின்றன. லே ஷாஃப்ட் அப்போதும் சுற்றும், ஆனால் பாரம் சுமக்காது. ஆகவே டாப்பில் மட்டும் சத்தம் இல்லையென்றால் லே ஷாஃப்டின் ஊசி பேரிங்கோ அதன் பற்களோ தேய்ந்திருக்கின்றன. டாப்பிலும் சேர்த்துச் சத்தம் வந்தால் இன்புட் ஷாஃப்ட் அல்லது மெயின் ஷாஃப்ட் பேரிங். சரிவில் நியூட்ரலில் இன்ஜினை அணைத்துவிட்டு உருளவிட்டும் ஊளையிட்டால் கியர்பாக்ஸைத் தொடாதீர்கள், பின்னால் டிஃபரன்ஷியலைப் பாருங்கள். (இதை ஆளில்லாத இடத்தில், மெதுவாக உருட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் வண்டியென்றால் சாவியை உருவவே கூடாது.)

கியர்பாக்ஸ் மேல் விழுகிற பழிகள் நிறைய. நின்ற இடத்தில் ரிவர்ஸ் போடும்போது கறகறவென்று அரைக்கிறதா? க்ளட்சை அடிவரை மிதித்து ஐந்தாறு விநாடி காத்திருந்து போட்டுப் பாருங்கள். அப்போதும் அரைத்தால் க்ளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். பெட்டி மாற்றினாலும் அது தீராது. க்ளட்சை மிதிக்கும்போது மட்டும் கிளம்பும் கீச்சொலி க்ளட்ச் பேரிங்குடையது. ஸ்டியரிங் கியர் வண்டிகளில் இரண்டாவது கியர் சிக்கிக்கொண்டால், ஸ்டியரிங் தூணிலிருந்து கீழே இறங்குகிற கம்பிகளின் புஷ்கள் தேய்ந்து லொடலொடவென்று ஆடுகின்றனவா என்று பாருங்கள். சில நூறு ரூபாய் புஷ்ஷுக்காகப் பெட்டியையே இறக்கியவர்களை எனக்குத் தெரியும். இறக்கிய மெக்கானிக்குக்கும் கூலி வந்தது என்பதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

தம்பியின் ஐந்து கியர் ஆசைக்கு வருகிறேன். அது எங்கிருந்து முளைத்தது என்பது தெரிந்ததுதான். 1990-களில் அம்பாசடரில் இசுஸுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வந்தது. கான்டெஸா கிளாஸிக்கிலும் அந்த இன்ஜின்தான். அதோடு ஐந்து கியர். பெயர்ப்பலகை இரண்டிலும் அம்பாசடர் என்றிருப்பதால் அந்தப் பெட்டி இதில் உட்கார்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மார்க் 4-இல் இருப்பது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வழிவந்த 1489 சிசி இன்ஜின். அதன் பின்முகத்தில் போல்ட் துளைகள் இருக்கும் இடம் வேறு, இசுஸு பெட்டியின் பெல் ஹவுசிங் (க்ளட்சை மூடி இன்ஜினோடு சேரும் முன்கூடு) துளைகள் வேறு.

"நடுவுல ஒரு பிளேட் வெட்டிப் போட்டுக்கலாமுங்களே, நம்ம ஊர்ல லேத்துக்கா பஞ்சம்?"

கோவையில் லேத்துக்குப் பஞ்சமில்லைதான். பம்ப்செட்டும் வார்ப்பாலையும் வளர்த்த ஊர் இது. ஆனால் அந்தப் பிளேட்டில் துளை போடுவது சின்ன வேலை. இன்ஜின் கிராங்கின் மையமும் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு பிசகினாலே கிராங்கின் வாயில் இருக்கும் பைலட் புஷ் நசுங்கத் தொடங்கும், அதைத் தொடர்ந்து இன்புட் பேரிங் போகும். பிளேட்டின் தடிமன் அளவுக்குப் பெட்டி பின்னால் தள்ளி உட்காரும், எனவே இன்புட் ஷாஃப்டின் முனை பைலட் புஷ்ஷுக்குள் போதிய அளவு நுழையாது. பெட்டியின் பின் மவுன்டிங் இடம் மாறும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சுருக்கி பேலன்ஸ் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கில் இருக்கும் கியர் தரைக்கு வரும், அதற்குத் தரைத்தகட்டில் ஓட்டை. ஸ்பீடோமீட்டர் கேபிளின் முனை சேராது, சேர்ந்தாலும் வேகத்தைத் தப்பாகக் காட்டும்.

இத்தனையும் செய்யக்கூடியதுதான், செய்தவர்களும் இருக்கிறார்கள். என் கேள்வி, செய்தால் என்ன கிடைக்கும் என்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிஃபரன்ஷியலில் பினியனுக்கு 9 பல், கிரௌனுக்கு 41 பல் என்று வையுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.56 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அம்பாசடரின் 15 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் நகரும். டாப்பில், இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் வண்டியின் வேகம் 80 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். ஐந்தாவது கியரின் விகிதம் 0.85 என்றால் அதே சுற்றில் 90-ஐத் தாண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இன்ஜின் தருவது ஏறத்தாழ 50 குதிரைத்திறன். அவ்வளவு பெரிய நெற்றியோடு காற்றைத் தள்ளிக்கொண்டு 90-க்கு மேல் போக, ஐந்தாவதில் இழுவை மிஞ்சாது. கொஞ்சம் ஏற்றம் வந்தால் மறுபடி நாலு. போதாததற்கு மார்க் 4-க்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அவசரத்துக்கு நிற்கத் தெரியாத வண்டிக்கு வேகம் எதற்கு?

அவர் போக நினைப்பதோ ஊட்டிக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. அங்கே ஐந்தாவது கியருக்கு வேலையே இல்லை. இரண்டாவதுதான் ஏற்றும், இரண்டாவதுதான் இறக்கும். ஆகவே பார்க்க வேண்டியது இரண்டாவது கியரின் சின்க்ரோ கோனும் (கியர் விழுமுன் வேகங்களைச் சமமாக்கும் பித்தளை வளையம்), இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வராமல் இருக்கிறதா என்பதும்தான். நழுவினால் உள்ளே பிடிப்புப் பற்கள் மழுங்கிவிட்டன, அல்லது தடுப்புக் குண்டை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

"அப்ப இதே பெட்டி வேற ஒண்ணு தேடலாமுங்களா?" என்றார். தேடலாம் என்றேன். பிடிவாதக்காரராக இருந்தாலும் கணக்குச் சொன்னால் கேட்கிற பிள்ளை.

பெட்டியைக் கழற்றி எண்ணெயை வடித்தோம். வடிந்ததைத் துணியில் ஊற்றி, ஒரு காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவினேன். மஞ்சளாக மினுங்கும் தூள் காந்தத்தில் ஒட்டாது. அது பித்தளை, சின்க்ரோ கோனின் தேய்மானம், வயதான பெட்டியில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஒட்டியது செதில் செதிலான எஃகு. மூடியைத் திறந்ததும் லே ஷாஃப்டில் ஊசி பேரிங் ஓடிய இடம் குழிகுழியாக உரிந்திருந்தது. ஊசிகள் மட்டும் போயிருந்தால் மாற்றிவிடலாம். தண்டும், அதில் ஓடும் பல்தொகுதியும் சேர்ந்தே போயிருந்தன.

பழைய பெட்டி தேட எங்கே போவது? கோவையில் உக்கடத்தில் ஒரு பார்வை. இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை. எழும்பூருக்கும் அண்ணா சாலைக்கும் நடுவே, கூவத்தை ஒட்டி, வீடும் கடையும் கிடங்கும் ஒன்றாகக் கலந்த சந்துகள். அம்பாசடருக்கு கொல்கத்தா மல்லிக் பஜாரும் உண்டு, பிறந்த ஊர் பக்கத்தில் என்பதால் அங்கே சரக்கு அதிகம். ஆனால் பார்க்காமல் வாங்க வேண்டிவரும். நான் புதுப்பேட்டையையே சொல்வேன். தொட்டுத் தூக்கிப் பார்த்து வாங்கலாம்.

போகும்போது போனில் படம் எடுத்துக்கொண்டு மட்டும் போகக் கூடாது. பையில் உங்கள் வண்டியின் க்ளட்ச் பிளேட்டை எடுத்துப் போங்கள். கடையில் இருக்கும் பெட்டியின் இன்புட் ஷாஃப்டில் அதைச் செருகுங்கள். ஆடாமல், சிக்காமல், வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் ஸ்ப்லைன் (ஷாஃப்டின் மேல் நீளவாக்கில் ஓடும் பற்கள்) சரி. பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்து தடிமன் வேறாக இருக்கிற ஷாஃப்டுகளும் உண்டு. எண்ணிப் பார்த்து ஏமாறுகிறவர் பிளேட்டைச் செருகிப் பார்த்தால் ஏமாற மாட்டார். அடுத்து, பெல் ஹவுசிங்கின் முகத்தில் ஓர் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து ஷாஃப்டின் முனை வரை அளந்து, வீட்டில் எழுதிவைத்த அளவோடு ஒப்பிடுங்கள். பின்னால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் இடத்தில் நாலு போல்ட் ஃபிளாஞ்சா, உள்ளே செருகும் யோக்கா என்று பாருங்கள்.

ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒவ்வொரு கியராகப் போட்டுக் கையால் சுற்றுங்கள். இன்புட் எத்தனை சுற்று சுற்றினால் பின்பக்கம் ஒரு சுற்று வருகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினால் கியர் விகிதம் கையிலேயே வந்துவிடும். போல்ட் மாட்டும் ஹவுசிங் காதுகளில் வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், கருப்புப் பெயின்ட் கண்ணை ஏமாற்றும். வார்ப்பில் புடைத்திருக்கும் எண்ணைக் காட்டி "அதே நம்பர்தான் சார்" என்பார்கள். அது வார்ப்பு அச்சின் எண். ஒரே அச்சில் வார்த்த கூட்டுக்குள் வேறு வேறு பல் போட்டுத் தொழிற்சாலையே அனுப்பியிருக்கும்.

டீசல் வண்டியிலிருந்து வந்த பெட்டியென்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். டீசல் இன்ஜின் குறைந்த சுற்றில் ஓடுவது, அதற்கேற்ப விகிதங்களை வைத்திருப்பார்கள். உங்கள் டிஃபரன்ஷியல் என்ன விகிதம் என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்வது எளிது. பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை விட்டுவிட்டு, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றியதோ அதுதான் விகிதம். ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் இரட்டிப்பாகச் சுற்றும், அதனால்தான் இரண்டு சுற்று. வண்டிக்கு அடியில் தலையை நீட்டாமல் பக்கத்திலிருந்து இன்னொருவர் எண்ணட்டும்.

மாருதி 800 வைத்திருப்பவர்கள் இதில் பாதியை மறந்துவிடலாம். முன் சக்கர ஓட்டம் என்பதால் அதில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள். பெட்டியை மாற்றினால் இறுதி விகிதமும் சேர்ந்தே மாறும். நேராகப் பூட்டிக்கொள்ளும் டாப் கியரும் அதில் கிடையாது, எனவே நாலாவதில் சத்தம் அடங்குகிறதா என்ற சோதனையும் அதற்குப் பொருந்தாது. ஆனால் வண்டிகள் ஏராளம், பெட்டி கிடைப்பதில் கஷ்டமே இல்லை.

காகித விஷயம் ஒன்று. ஆர்.சி. புத்தகத்தில் பதிவாவது சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும். கியர்பாக்ஸுக்கு அதில் இடமில்லை, எனவே பெட்டியை மட்டும் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வேலையில்லை. "இன்ஜினோட சேர்த்து எடுத்துக்குங்க, மலிவா வரும்" என்று கடைக்காரர் சொன்னால் அங்கே நிதானிக்க வேண்டும். இன்ஜின் மாறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி அதைப் பதிவில் ஏற்ற வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலில் 5000 ரூபாயாக உயர்ந்தது. புதுப்பிக்கும் நேரத்தில் எண் பொருந்தாமல் போனால் அலைச்சல் யாருக்கு? பெட்டி மட்டும் வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் தராத பெட்டி எந்த வண்டியிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

தம்பி புதுப்பேட்டைக்குப் போய் ஒரு டாக்ஸியின் பெட்டியோடு வந்தார். ஹவுசிங்கில் ஒரு காது உடைந்திருந்தது. அவருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. உள்ளே லே ஷாஃப்டும் பற்களும் அருமையாக இருந்தன. இரண்டு பெட்டியிலும் பற்களை எண்ணி, எண்ணிக்கை ஒன்றுதான் என்று உறுதிசெய்துகொண்டு, டாக்ஸிப் பெட்டியின் லே ஷாஃப்டை அதோடு பல் கோத்து ஓடிய இன்புட் ஷாஃப்ட், மெயின் ஷாஃப்ட் கியர்களோடு சேர்த்து எடுத்து அவருடைய சொந்தக் கூட்டுக்குள் வைத்தோம். லே ஷாஃப்டை மட்டும் மாற்றியிருக்கலாம்தான். ஆனால் பல வருடம் ஒன்றோடொன்று உரசிப் பழகிய பற்களைப் பிரித்து வேறு ஜோடி சேர்த்தால் ஊளைச்சத்தம் வரும். கூடு அவருடையதே என்பதால் போல்ட் துளை, மவுன்டிங், கியர் கம்பி, ஸ்பீடோமீட்டர் கேபிள் எதிலும் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

பேரிங்குகளுக்குக் கார் கடைக்கே போகவில்லை. பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6206 என்றால் உள்வட்டம் 30 மில்லிமீட்டர், வெளிவட்டம் 62, அகலம் 16. அது காருக்குப் போகிறதா கிணற்று மோட்டாருக்குப் போகிறதா என்று பேரிங் கடைக்காரருக்குக் கவலையில்லை. அங்குல அளவில் செய்த பேரிங் வந்தால்தான் தேடல். ஒன்றேகால் அங்குலம் என்பது 31.75 மில்லிமீட்டர், அதற்கு 30-ம் சேராது 32-ம் சேராது. ஆயில் சீலும் இப்படி அளவு சொல்லி வாங்குவதுதான். ஒரு காரின் பெயரைச் சொன்னால் "வராதுங்க" என்கிற பொருள், அளவைச் சொன்னால் அலமாரியிலிருந்து இறங்கிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய ஜிஎல்-5 எண்ணெயில் மீந்ததைக் கியர்பாக்ஸில் ஊற்றுகிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அதிக அழுத்தம் தாங்க அதில் சேர்க்கிற கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். வழுக்கலும் அதிகம் என்பதால் சின்க்ரோ கோனுக்குப் பிடிப்புக் கிடைக்காமல் கியர் அரைக்கும். பித்தளைக் கோன் உள்ள பெட்டிக்கு, வண்டியோடு வந்த கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அது, இல்லையென்றால் ஜிஎல்-4.

முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு வண்டியைக் கொண்டுவரச் சொல்லி எண்ணெயை வடித்தோம். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை மட்டும் ஒட்டியது. புதுப் பேரிங் பழகும்போது அவ்வளவு வரும். செதில் இல்லை. புது எண்ணெய் ஊற்றினோம். முதல் கியருக்கு அந்த வண்டியில் சின்க்ரோவே கிடையாது. நின்ற பிறகு போட வேண்டும், இல்லையென்றால் டபுள் க்ளட்ச் அடிக்க வேண்டும். அதை அவருக்கு அவிநாசி ரோட்டில் சொல்லிக்கொடுக்க முடியாது, அங்கே லாரிக்காரர்கள் விடமாட்டார்கள். வடவள்ளிப் பக்கம் கூட்டிப்போய்ப் பழக்கினேன். க்ளட்ச், நியூட்ரல், க்ளட்சை விட்டு ஓர் உறுமல், மறுபடி க்ளட்ச், கியர். கால் பழக ஒரு மாலை ஆனது.

காது உடைந்த கூடு, மிச்சமிருந்த ஹப், இரண்டு நல்ல கோன், ஃபோர்க்குகள் எல்லாவற்றையும் அவரே எடுத்துப்போனார். "பழைய இரும்புக்குப் போட்டுறாதீங்க தம்பி" என்று சொல்லித்தான் அனுப்பினேன். இரண்டாவது கியர் கோன் எப்படியும் அடுத்து தேயும். அன்றைக்கு மல்லிக் பஜாருக்குப் போன் போட வேண்டியிருக்காது.